ஊரார் பணமும் உடையவன் முதலும்

வணிகத்தில் உடையவன் தன் கையிலிருந்து இடும் பணத்திற்குத் தமிழர் 'முதல்' என்று பெயரிட்டனர். தொடக்கத்தைக் குறிக்கும் சொல்லும் அதுவே. வேரைக் குறிக்கும் சொல்லும் அதுவே. கடை திறக்கும்போது முதலில் வந்து நிற்க வேண்டிய பணம் அது. நட்டம் வரும்போது முதலில் அழிய வேண்டிய பணமும் அதுதான். ஊதியம் வந்தால் உடையவன் கொள்வான்; இழப்பு வந்தால் உடையவனே முன்னின்று தாங்குவான் என்னும் அறம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. இந்த எளிய அறத்தைத்தான் இன்றைய உலகம், வங்கிகள் இவ்வளவு முதல் கொண்டிருக்க வேண்டும் என்னும் விதியாக வகுத்து வைத்திருக்கிறது. அவ்விதியைத் தளர்த்த வேண்டும் என்னும் குரல் பல நாடுகளில் ஓங்கி ஒலிக்கிறது. அக்குரல் யாருக்காக எழுகிறது, அதனால் அழியப்போவது யாருடைய பணம் என்பதைத் தமிழர் சமுதாயம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெட்டாலிங் ஜெயா 1950களின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்ட நிலத்தில் எழுந்த நகரம். பால்மரம் நின்ற மண்ணில் இன்று வங்கிகள் நிற்கின்றன. புதுநகரின் வங்கிக் கிளைகளுக்குள் நுழைவோர் அனைவரும் செல்வர் அல்லர். தேசா மெந்தாரி அடுக்குமாடி வீட்டிலிருந்து வரும் துப்புரவுத் தொழிலாளியும், பழைய பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவரும், சுங்கை வே தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்ற மூதாட்டியும் அங்கே வரிசையில் நிற்கின்றனர். பணத்தை வங்கியில் 'போட்டு வைத்திருப்பதாக' அவர்கள் கூறுவர். உண்மை அதுவன்று. அவர்கள் வங்கிக்குக் கடன் கொடுத்திருக்கின்றனர். அந்த மூதாட்டியின் சேமிப்பு இரும்புப் பெட்டிக்குள் உறங்கவில்லை. யாரோ ஒரு வீட்டுமனை நிறுவனத்தின் கட்டடத்தில் செங்கல்லாகவும், யாரோ ஒருவர் வாங்கிய பங்குகளாகவும் உருமாறி வெளியே திரிந்து கொண்டிருக்கிறது. அது திரும்பி வருமா என்பதை அறியும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

வங்கி 100 வெள்ளியைக் கடனாகக் கொடுக்கிறது என்று கொள்க. அதில் 8 வெள்ளி வங்கி உடையவர்களின் முதல். எஞ்சிய 92 வெள்ளி ஊராருடைய பணம். கொடுத்த கடனில் 8 வெள்ளி வாராமற் போனால் உடையவர்களின் முதல் முற்றும் அழியும். ஒன்பதாவது வெள்ளி வாராமற் போகும்போது அது மூதாட்டியின் வெள்ளி. முதல் விதி என்பது இந்த எட்டாம் வெள்ளிக்கும் ஒன்பதாம் வெள்ளிக்கும் இடையே எழுப்பப்பட்ட மதில். மதில் உயர உயரச் சிறியவர் பணம் காக்கப்படும். மதில் தாழத் தாழ உடையவரின் ஊதிய விழுக்காடு உயரும். இவ்விதியைப் பற்றிய பூசல்கள் எல்லாவற்றிற்கும் மூலம் இதுவே. மற்றவை யாவும் மேற்பூச்சு.

தளர்த்த வேண்டும் என்போர் முதலில் எடுத்து வீசும் கணை, இவ்விதி பணத்தை முடக்குகிறது என்பதாகும். வங்கி இத்தனை கோடி முதலை 'வைத்திருக்க வேண்டும்' என்று சட்டம் கூறுவதால், அத்தனை கோடியும் பெட்டிக்குள் பூட்டப்பட்டு, தொழிலுக்கும் வணிகத்திற்கும் பயன்படாமற் போகிறது என்று அவர்கள் புலம்புவர். கணக்குப் படித்தவர்களே இவ்வாறு பேசுவது வியப்பை அளிக்கிறது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் செட்டியார் கிட்டங்கியில் பெட்டியடியில் அமர்ந்து தொழில் பழகிய சிறுவனுக்குக்கூட இவ்வையம் எழுந்திராது. அவன் எழுதிய ஐந்தொகையில் முதல் என்பது பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கூறும் வரவு. பணம் எங்கே கிடக்கிறது என்பதைக் கூறுவதன்று. உடையவன் இட்ட முதலும் வட்டிக்குத்தான் போயிற்று. தவணைக்கு வாங்கிய பணமும் வட்டிக்குத்தான் போயிற்று. வேறுபாடு ஒன்றே. தவணைப் பணத்தை நாள் வந்ததும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும். முதலை யாரும் வந்து கேட்க முடியாது. எனவே முதல் மிகுந்த வங்கி கடன் கொடுக்க இயலாத வங்கியன்று. தன் பணத்தைக் கொண்டு கடன் கொடுக்கும் வங்கி. 'முடக்கம்' என்பது மக்களை அச்சுறுத்தக் கட்டிய பொய்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டி கடுமையாக இருந்தது. அதில் நொந்து நிலம் இழந்தோர் மலாயாவிலும் பர்மாவிலும் பலர். அக்குறையை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர்களுடைய தொழிலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சொந்த முதலும், உறவினரும் ஊரினரும் நம்பி இட்ட பணமுமே தொழிலின் பெரும்பகுதியைத் தாங்கின. கடன் மோசம் போனால் முதலாளியின் வீட்டுச் சுவர் அதிர்ந்தது. ஆதலின் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். தன் பணம் நெருப்பருகே இருக்கும்போதுதான் மனிதன் விழித்திருக்கிறான். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்னும் பழமொழியை ஆக்கியவர்கள் வங்கித் தொழிலின் உள்ளத்தை நன்கு அறிந்தவர்கள்.

இப்பழமொழியின் உண்மையைத் தமிழகம் 1906ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டது. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்னும் வெள்ளையர் நிறுவனம் பெரும்புகழோடு இயங்கிற்று. அதன் பெயரை நம்பி ஓய்வூதியம் பெற்றோரும் கைம்பெண்களும் கோயில்களும் பணத்தை இட்டனர். அந்நிறுவனத்தார் ஊரார் பணத்தைக் கொண்டு கடல் கடந்த முயற்சிகளில் துணிந்து இறங்கினர். 1906 அக்டோபரில் நிறுவனம் கவிழ்ந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறை சென்றார். ஆனால் அவர் சிறை சென்றதனால் யாருடைய உலை கொதித்தது? அந்தப் புண்ணிலிருந்து பிறந்ததே 1907ஆம் ஆண்டில் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால் தோன்றிய இந்தியன் வங்கி. அதன் பின்னர் 1937ஆம் ஆண்டில் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். இவ்விரு வங்கிகளும் கடல் கடந்து வந்து மலாயாத் தமிழருக்கும் தொண்டாற்றின.

வரலாறு அங்கே நிற்கவில்லை. இந்திய அரசு 1969ஆம் ஆண்டில் பதினான்கு வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோது இவ்விரண்டும் அவற்றுள் அடங்கின. வெளிநாட்டு அரசுக்கு உடைமையான வங்கி மலேசியாவில் இயங்கலாகாது என்பது அந்நாளில் இந்நாட்டுச் சட்டமாக இருந்தது. ஆதலின் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, யுனைட்டெட் கமர்ஷியல் வங்கி ஆகிய மூன்றின் மலேசியக் கிளைகளும் ஒன்றுசேர்ந்து 1973ஆம் ஆண்டில் யுனைட்டெட் ஏசியன் வங்கி ஆயின. மலேசியத் தமிழர் தங்கள் வங்கி என்று உரிமையோடு சொல்லிக்கொண்ட வங்கி அது. 1980களின் நடுவில் நாட்டின் பொருளாதாரம் தாழ்ந்தபோது அதன் கடன்கள் வாராக் கடன்களாயின, முதல் கரைந்தது, பேங்க் நெகாரா தலையிட்டுத் தாங்க வேண்டியதாயிற்று. 1991ஆம் ஆண்டில் அது பேங்க் ஆப் காமர்ஸ் வங்கியோடு இணைந்து, தன் பெயரை இழந்தது. முதலற்ற ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சியிலிருந்து பிறந்த மரபின் கிளையொன்று, தன் முதலையே காக்க மாட்டாமல் மறைந்தது. இதைவிடக் கூரிய பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

தளர்த்த வேண்டும் என்போர் வீசும் இரண்டாம் கணை, இவ்விதி மேனாட்டார் மாட்டிய நுகத்தடி என்பது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் செல்வ நாடுகளின் அதிகாரிகள் கூடி எழுதியதை மலேசியா ஏன் தலைமேல் தாங்க வேண்டும் என்று அவர்கள் கேட்கின்றனர். நாட்டுப்பற்றின் ஆடையணிந்து வரும் கேள்வியாதலின் இதற்கு நின்று விடை கூறுதல் வேண்டும்.

பாசல் குழு தோன்றிய கதை இது. 1974 ஜூன் 26ஆம் நாள் மேற்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹெர்ஷ்டாட் வங்கி மூடப்பட்டது. அதனால் பிறநாட்டு வங்கிகளும் இழப்பெய்தின. அவ்வாண்டின் இறுதியில் பத்துச் செல்வ நாடுகளின் மத்திய வங்கித் தலைவர்கள் இக்குழுவை அமைத்தனர். 1988 ஜூலையில் அக்குழு, அனைத்துலகத் தொழில் நடத்தும் வங்கிகள் தங்கள் கடன்களை இடருக்கேற்ப நிறுத்துப் பார்த்து, அத்தொகையில் 8 விழுக்காடாவது முதலாகக் கொண்டிருத்தல் வேண்டும் என்று வகுத்தது. 1989ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா அதனைத் தழுவியது. மலேசியா அக்குழுவில் இன்றும் பார்வையாளர் இடத்தில்தான் இருக்கிறது. விதி எழுதும் மேசையில் அதற்கு உறுப்புரிமை இல்லை. இவையெல்லாம் உண்மை.

ஆனால் 1989க்கு முன் மேனாட்டு நுகத்தடி இல்லாமல் இந்நாடு எப்படி வாழ்ந்தது என்பதையும் அவர்கள் கூற வேண்டும் அல்லவா? 1965ஆம் ஆண்டில் எளிய மக்களை உயர்த்தும் நோக்கோடு நிறுவப்பட்டது பேங்க் பூமிபுத்ரா. அதன் துணை நிறுவனம் ஹாங்காங்கில் கேரியன் குழுமத்திற்கும் பிறருக்கும் அள்ளிக் கொடுத்த கடன்கள் 1983ஆம் ஆண்டில் வெளிச்சத்திற்கு வந்தன. அக்கணக்குகளை ஆராயச் சென்ற ஜலில் இப்ராஹிம் என்னும் அதிகாரி அவ்வாண்டு ஜூலையில் அங்கே கொலையுண்டார். இழப்பு ஏறத்தாழ 250 கோடி வெள்ளி. 1984ஆம் ஆண்டில் பெட்ரோனாஸ் நிறுவனம் அவ்வங்கியை ஏற்றுக்கொண்டது. 1989ஆம் ஆண்டில் மறுமுறையும் பணம் இட்டது. பெட்ரோனாஸ் பணம் என்பது யாருடைய பணம்? கடலடியில் கிடந்த எண்ணெய் இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான் அது.

1986ஆம் ஆண்டு அதனினும் கொடியது. வைப்புத்தொகை வாங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் அந்நாளில் நாடெங்கும் கிளை பரப்பி, வங்கிகளைவிட உயர்ந்த வட்டி தருவதாக அழைத்தன. அவை வங்கிச் சட்டத்திற்கு உட்பட்டவை அல்ல. எனவே வங்கிகளுக்குரிய முதல் விதியும் அவற்றைத் தீண்டவில்லை. திரட்டிய பணம் நிலத்திலும் பங்குச் சந்தையிலும் இறங்கிற்று. இயக்குநர்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் கடனாகவும் போயிற்று. ஜூலையில் ஒரு சங்கம் வீழ்ந்தது. ஆகஸ்டில் பேங்க் நெகாரா மேலும் 23 சங்கங்களை முடக்கியது. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் ஏறத்தாழ 150 கோடி வெள்ளி அந்த 24 சங்கங்களில் சிக்கிக்கொண்டது. மூடிய கதவுகளின்முன் நின்றவர்கள் சிறு வணிகரும் உழைப்பாளரும் முதியோரும். பணம் பல ஆண்டுகளில், கொஞ்சம் கையிருப்பாகவும் கொஞ்சம் பங்குகளும் பத்திரங்களுமாகவும் திரும்பிற்று. நுகத்தடி இல்லாத உரிமையின் பயன் இதுவே. மேனாட்டான் எழுதினான் என்பதற்காகக் கணக்கை வெறுப்பவர், மேனாட்டான் கண்டான் என்பதற்காக அம்மை ஊசியையும் வெறுக்க வேண்டும்.

மூன்றாம் கணை சிறு வணிகரின் பெயரால் வீசப்படுவது. முதல் விதி கடுமையானால் வங்கிகள் கடனைக் குறைக்கும். முதலில் கதவடைக்கப்படுவது சிறு கடைக்காரனுக்கே என்பர். இதில் பாதி உண்மை உண்டு. அப்பாதியைப் பின்னர்க் காணலாம். முழுப்பொய்யான பாதியை 1998ஆம் ஆண்டு காட்டிவிட்டது. ஆசிய நிதி நெருக்கடியில் மலேசியப் பொருளாதாரம் அவ்வாண்டு 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிற்று. கடன்கள் வாராமற் போயின; வங்கிகளின் முதல் உருகிற்று. உருகியதும் என்ன நடந்தது? நல்ல வணிகனுக்கும் கடன் மறுக்கப்பட்டது. கொடுத்த கடனும் திருப்பிக் கேட்கப்பட்டது. அரசு அவ்வாண்டு டானாமோடல் என்னும் நிறுவனத்தை அமைத்து, பத்து நிதி நிறுவனங்களில் ஏறத்தாழ 760 கோடி வெள்ளியை முதலாக இட்டது. எதற்காக? வங்கிகள் மீண்டும் கடன் கொடுப்பதற்காக! முதல் இருந்தமையால் கடன் நின்றதில்லை. முதல் இல்லாமையால்தான் கடன் நின்றது. ஏரியில் நீர் இருக்கும்போது கரையை உயர்த்தாதவன், கோடையில் வாய்க்காலைக் குறை கூறிப் பயன் என்ன?

இனி, மறுக்க முடியாத அந்தப் பாதி உண்மை. விதியின் அளவு நேரியது. விதியின் நிறைகல் கோணலானது. 1988ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி செல்வ நாடுகளின் அரசுகளுக்குக் கொடுத்த கடனின் நிறை சுழியம். அந்நாடுகளின் வங்கிகளுக்குக் கொடுத்த கடனுக்கு 20 விழுக்காடு. வீட்டுக் கடனுக்கு 50. தொழிலுக்கும் வணிகத்திற்கும் கொடுத்த கடனுக்கு 100. உலகப் புகழ் பெற்ற பெருநிறுவனத்திற்கும், பெட்டாலிங் ஜெயாவின் மூலைக்கடைக்காரனுக்கும் நிறை ஒன்றே. 2004ஆம் ஆண்டின் இரண்டாம் உடன்பாடு சிறு கடன்களின் நிறையை 75 ஆகக் குறைத்தது, அது நன்று. ஆனால் அதே உடன்பாடு, பெரிய வங்கிகள் தங்கள் இடரைத் தாங்களே நிறுத்துக்கொள்ளவும் இடம் கொடுத்தது. விற்பவன் கையிலேயே தராசைக் கொடுத்தால் நிறை எப்பக்கம் சாயும் என்பதைச் சந்தைக்குப் போகும் எவரும் அறிவர். 2008 செப்டம்பரில் வீழ்ந்த லேமன் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு பங்கு முதலை வைத்து ஏறத்தாழ முப்பது பங்கு சொத்தைச் சுமந்து நின்றது. அதன் பின்னரே, நிறை பார்க்காமல் மொத்தத்தில் 3 விழுக்காடாவது முதல் வேண்டும் என்னும் மூன்றாம் உடன்பாட்டு விதியும், தாங்களே நிறுத்துக்கொள்ளும் வங்கிகளுக்குப் பொது நிறையில் 72.5 விழுக்காட்டுக்குக் கீழே போகலாகாது என்னும் 2017ஆம் ஆண்டு விதியும் வந்தன.

சுழியம் என்னும் நிறையின் கேட்டை 2023 மார்ச்சில் அமெரிக்கா கண்டது. சிலிக்கான் வேலி வங்கி ஊரார் பணத்தைக் கொண்டு நெடுங்கால அரசுப் பத்திரங்களையும் அரசு சார்ந்த பத்திரங்களையும் வாங்கிக் குவித்தது. வட்டி விகிதம் ஏறியது. பத்திரங்களின் விலை விழுந்தது. அந்த இழப்பை முதலில் கழித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் அவ்வங்கிக்கு இல்லை. 2018ஆம் ஆண்டில் இடைத்தர வங்கிகளுக்கான விதிகள் தளர்த்தப்பட்டதன் பயனை நுகர்ந்த வங்கிகளுள் அதுவும் ஒன்று. ஏட்டில் முதல் நிறைந்திருந்தது. உண்மையில் முதல் கரைந்திருந்தது. வைப்பாளர் விரைந்தோடி வந்து கேட்டபோது இரண்டே நாளில் கதை முடிந்தது. இத்தனைக்குப் பின்னும், அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்க அதிகாரிகள் முன்வைத்த கடுமையான முதல் விதிகளைப் பெருவங்கிகள் ஒன்றுதிரண்டு எதிர்த்தன. 2024 செப்டம்பரில் அதிகாரிகள் முன்மொழிந்த உயர்வைப் பாதிக்கு மேல் குறைக்க இசைந்தனர். அண்டை வீடு எரிந்த சாம்பல் ஆறுவதற்குள் தண்ணீர்த் தொட்டியைச் சிறிதாக்கும் அறிவை என்னென்பது!

ஆதலின் சிறு வணிகனின் பெயரால் பேசுவோர் கேட்க வேண்டியது, மதிலைத் தாழ்த்து என்பதன்று. தராசை நேராக்கு என்பது. நாணயமாகக் கடன் அடைக்கும் கடைக்காரனின் நிறையைக் குறைக்கட்டும். பெருமுதலாளியின் நில வணிகத்திற்கும், விலை ஏறி இறங்கும் பத்திரக் குவியலுக்கும் உரிய நிறையை ஏற்றட்டும். சிறு வணிகனை முன்னே நிறுத்தி அவன் நிழலில் பெருவங்கி ஒளிந்து வருவதைத் தமிழர் அடையாளம் காணல் வேண்டும். விதி தளர்ந்தால் கிடைக்கும் கூடுதல் இடம் மூலைக்கடைக்கு வரும் என்பதற்கு எவரும் உறுதி தரவில்லை. உடையவர்களின் ஆதாயப் பங்குக்குப் போவதற்குத் தடையும் இல்லை.

வைப்புப் பணத்திற்குத்தான் காப்புறுதி வந்துவிட்டதே, இனி முதல் எதற்கு என்பாரும் உளர். 2005ஆம் ஆண்டில் மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகம் தோன்றியது உண்மை. 60,000 வெள்ளியாக இருந்த காப்பு 250,000 வெள்ளியாக உயர்ந்ததும் உண்மை. அது பெரும்பேறு. ஆயினும் காப்புறுதி என்பது தீ அணைக்கும் வண்டி. முதல் என்பது தீப்பற்றாத சுவர். வண்டி இருக்கிறது என்று வீட்டை வைக்கோலால் கட்டுவார் இல்லை. அன்றியும் கூட்டுறவுச் சங்கத்தில் இடும் பணத்திற்கு அக்கழகத்தின் காப்பு இல்லை. 1986ஆம் ஆண்டில் வெந்த இடம் எதுவோ, அவ்விடம் இன்றும் அந்தக் குடைக்கு வெளியே நிற்கிறது.

இன்னொரு வாதம் நுட்பமானது. வங்கிகளின் பங்குகளைப் பெரிதும் வைத்திருப்பது ஊழியர் சேமநிதி, ஆர்.எச்.பி. வங்கியின் மிகப் பெரிய பங்குதாரர் அந்நிதியே. வங்கியின் ஆதாயம் குறைந்தால் தொழிலாளியின் சேமநிதி ஈவும் குறையுமே என்பது அவ்வாதம். பெட்டாலிங் ஜெயா ஜாலான் காசிங்கில் பல்லாண்டுகள் சேமநிதிக் கட்டடத்தின் படியேறி இறங்கிய தொழிலாளர்களின் பெயரால் இது கூறப்படுகிறது. ஆனால் சேமநிதி தன் பணத்தைப் பல துறைகளில் பரப்பி வைத்திருக்கிறது. இடரை அறிந்து ஏற்கிறது. அதற்கு ஈடாக ஊதியத்திலும் பங்கு கொள்கிறது. வங்கியில் பணம் இட்ட மூதாட்டிக்கு ஊதியத்தில் பங்கில்லை. சிறு வட்டி ஒன்றே உண்டு. ஊதியத்தில் பங்கில்லாதவர் இழப்பில் பங்கேற்க வேண்டும் என்பது எந்த ஊர் நீதி? ஓராண்டு ஈவில் அரை விழுக்காடு குறைவதைத் தொழிலாளி தாங்குவான். வங்கி கவிழ்ந்து வேலையும் சேமிப்பும் ஒருசேரப் போவதை அவன் தாங்கமாட்டான்.

முதலுக்கும் வைப்புக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறியாமையால் மலேசியத் தமிழர் கொடுத்த விலை சிறிதன்று. 1980களின் தொடக்கத்தில் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனம் தோன்றியபோது அறுபதினாயிரத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் 10 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தனர். தோட்டத் தொழிலாளர் பலர் நகையை அடகு வைத்துக் கொடுத்தனர். சமுதாயம் உயரும் என்னும் நம்பிக்கை அவர்களை இயக்கிற்று. அவர்கள் கொடுத்தது வைப்பன்று, பங்கு, அதாவது முதல். முதல் என்பது முதலில் அழியும் பணம் என்பதை அவர்களுக்கு விளங்க எடுத்துரைத்தவர் எத்தனை பேர்? ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்து 2010ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் என்னும் விலை முன்வைக்கப்பட்டபோது, அதைப் பெற உயிரோடு இல்லாதவர்களும் இருந்தனர். ஏழையின் முதலைக் கொண்டு தொழில் நடத்துவோர், அம்முதலைத் தம் முதலினும் மேலாகக் காத்தல் வேண்டும் என்பதே அதன் பாடம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1960ஆம் ஆண்டில், தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற வேளையில், துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளி தன் கூலியிலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டினான். அவ்வாறு திரண்ட முதலைக் கொண்டே தோட்டங்கள் வாங்கப்பட்டன. வட்டியாசை காட்டி ஊரார் வைப்பைத் திரட்டி எழுந்த மாளிகையன்று அது. உறுப்பினர் முதலால் மண்ணில் கால் ஊன்றிய வீடு. 1986ஆம் ஆண்டின் புயலில் வீழ்ந்த மாளிகைகளையும், அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த அவ்வீட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குப் பாசல் நகரத்து அறிக்கைகள் தேவையில்லை.

பேங்க் பூமிபுத்ராவும், யுனைட்டெட் ஏசியன் வங்கியை உள்வாங்கிய பேங்க் ஆப் காமர்ஸும் 1999ஆம் ஆண்டில் ஒன்றாயின; அவ்வங்கி 2006ஆம் ஆண்டு முதல் சி.ஐ.எம்.பி. என்னும் பெயரில் இயங்குகிறது. நாட்டின் பொருளாதாரத்திற்கு இன்றியமையாதவை என்று பேங்க் நெகாரா அறிவித்து, மற்றவற்றைவிடக் கூடுதல் முதல் கொண்டிருக்கப் பணித்துள்ள வங்கிகளுள் அதுவும் ஒன்று. இரண்டு பழைய புண்களின்மீது வளர்ந்த தோல் அது. அத்தோல் தடித்திருப்பதைக் கண்டு, இனிக் கவசம் வேண்டா என்று கூறுவோரை என்னென்று சொல்வது? கவசம் இருந்தமையாலன்றோ தோல் வளர்ந்தது!

முதல் விதியைத் தளர்த்துக என்னும் குரல் நாளை இந்நாட்டிலும் எழலாம். வளர்ச்சி என்னும் பெயரில் வரும். போட்டி என்னும் பெயரில் வரும். ஏழைக்குக் கடன் என்னும் பெயரிலும் வரும். எப்பெயரில் வந்தாலும் அதனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இழப்பு வந்தால் முதலில் அழிவது யாருடைய வெள்ளி? இக்கேள்வியை வங்கியிடம் மட்டுமன்று, வட்டி உயர்த்திக் கூறி வாசலுக்கு வரும் ஒவ்வொரு சங்கத்திடமும், சமுதாயத்தின் பெயரால் பணம் திரட்டும் ஒவ்வொரு முயற்சியிடமும், தெரிந்தவர் நடத்தும் கூட்டுச் சீட்டிடமும் தமிழர் கேட்கப் பழகுதல் வேண்டும். விடை கூறத் தயங்குபவரிடம் ஒரு வெள்ளியும் கொடுத்தலாகாது.

புதுநகர் வங்கியின் வரிசையில் நிற்கும் மூதாட்டிக்குப் பாசல் என்னும் ஊர் எங்கிருக்கிறது என்று தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அவருடைய ஒன்பதாம் வெள்ளிக்கு முன்னே உடையவனின் எட்டு வெள்ளி உண்மையாகவே நிற்கிறதா என்பதைப் பார்ப்பது, தெரிந்தவர்களின் கடமை. அக்கடமையில் தவறுவோர், ஊரார் நெய்யை ஊற்றும் கையைப் பிடித்துத் தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவரே ஆவர்.